கிஞ்சல் சொன்னதும் சொல்லாததும்

தம்பி, நீங்கள் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்துவிட்டேன். சங்கடப்படாதீர்கள். டிக்கெட் பரிசோதகரிடம் நான் பேசியது காதில் விழுந்திருக்கும். யாரோ சினிமா நடிகை ஏறியிருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். திரும்பினால் கனத்த ஒரு அம்மா மடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கிறாள். உடனே முகம் சுருங்கிவிட்டது. நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தச் சுருக்கத்தைத்தான் வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் சகாயராணி. சொந்த ஊர் தூத்துக்குடி, இருப்பது சாலிகிராமம். டப்பிங் வேலை. தமிழ் தெரியாத கதாநாயகிகள் வந்து வாயசைப்பார்கள் இல்லையா, அவர்களுக்குக் குரல் கொடுப்பது. காதலிப்பது, கோபித்துக்கொள்வது, விஷம் குடித்துச் சாவது எல்லாம் நான்தான். பெயர் மட்டும் வராது. சாப்பாடு போட்ட மெஸ்ஸுக்குக்கூட நன்றி சொல்லிப் பெயர் போடுவார்கள். எனக்குப் போட மாட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்கிற பழக்கமே எனக்குக் கிடையாது.

ஆனால் கிஞ்சல் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. மதுரை வர நேரம் இருக்கிறது, கேளுங்கள்.

தாரகை டிவி என்று ஒன்று இருந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்காது, அது வந்த சுவடும் இல்லை, போன சுவடும் இல்லை. அதில் ‘வாரக் கடைசி வாணவேடிக்கை’ என்று ஒரு நிகழ்ச்சி. சனிக்கிழமை சாயங்காலம், நேரடி ஒளிபரப்பு. பாட்டு, டான்ஸ், மேஜிக், மிமிக்ரி, நடுநடுவே நேயர்களின் போன். தயாரிப்பாளர் நாச்சியப்பன் என்று ஒருவர். அதற்கு முன்னால் சினிமாப் படங்களை வாங்கி விநியோகம் செய்துகொண்டிருந்தவர். நிகழ்ச்சியை நடத்த அவர் பிடித்துவந்த பெண்தான் கிஞ்சல். பம்பாயில் இருக்கிற குஜராத்திப் பெண். ஒரு தமிழ்ப் படத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு ஆடியிருந்தாள். அந்த ஒரு பாட்டுக்கு ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. தமிழில் அவளுக்கு ‘வணக்கம்’கூடத் தெரியாது.

“தமிழ் பேசற பொண்ணையே போட்டுடலாமே சார்?” என்று கேட்டேன்.

“தமிழ் பேசற மூஞ்சியை எவன்மா பார்ப்பான்?” என்றார் நாச்சியப்பன். “சினிமாவுல எப்படிச் செய்யறோம்? அது ஒன், டூ, த்ரீன்னு வாயசைக்கும். நீங்க பேசுவீங்க. அதையேதான் இங்கயும் செய்யப் போறோம். ரொம்ப சிம்பிள்.”

“சினிமாவுல எடுத்து முடிச்ச பிறகு பேசறது சார். இது நேரடி ஒளிபரப்பு.”

“அதனால என்ன? நீங்க கொஞ்சம் முன்னாடியே பேசிடுங்க.”

நான் எழுந்துவிட்டேன் தம்பி. அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். “மூணாவது வாரத்துலேருந்து உங்க பேரு ஓடும்மா. ‘குரல்: சகாயராணி’. தனி கார்டு.” நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

மேடைக்குப் பின்னால் பிளைவுட்டில் பெரிய மயில் ஒன்று செய்து நிறுத்தியிருந்தார்கள். அந்த மயிலின் தோகைக்குப் பின்னால் ஒரு கூண்டு. அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு மைக், ஒரு குட்டி டிவி, நான். கிஞ்சலின் சட்டையில் மாட்டியிருந்தது பொம்மை மைக். அவள் காதில் மட்டும் சின்னதாக ஒரு இயர்போன். நான் பேசுவது அவளுக்குக் கேட்க வேண்டும், கேட்டவுடன் வாயசைக்க வேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான்.

முதல் வாரமே சிக்கல். பேச்சு இல்லாத நேரத்தில் அரங்கத்துக்குப் போகிற சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். இயர்போனை நிறுத்த மாட்டார்கள். எனக்கு அது தெரியாது. ஒரு பையன் பாடிக்கொண்டிருந்தபோது, “ஐயோ, இந்த ஸ்டூல்ல உக்காந்து என் இடுப்பே போச்சே” என்று முணுமுணுத்தேன். உடனே கிஞ்சல் சிரித்த முகத்தோடு அந்தப் பையனைப் பார்த்து வாயை அசைக்க ஆரம்பித்துவிட்டாள். சத்தம் இல்லை, வாய் மட்டும் அசைகிறது. பையன் பாட்டை நிறுத்திவிட்டு, “என்ன மேடம்?” என்று கேட்டான்.

அதற்காகத்தான் பல்பு வைத்தார்கள். கேமராவுக்குக் கீழே ஒரு சிவப்பு பல்பு, என் கையில் சுவிட்ச். பல்பு எரிந்தால் வாயசைக்கணும், அணைந்தால் மூடிக்கணும். நல்ல ஏற்பாடு. அதற்குப் பிறகு நான் கூண்டுக்குள் நிம்மதியாக இருந்தேன். மனதில் பட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பேன். “நிக்கதப் பாரு, கொக்கு மாதிரி.” “இவளுக்கு இந்தப் பவிசு ஒண்ணுதான் குறைச்சல்.” எல்லாம் அவள் காதில் விழும்தான். தமிழ் தெரியாதவளுக்கு எது விழுந்தால் என்ன?

அதற்குப் பிறகு நிகழ்ச்சி நன்றாகவே போனது. வருகிற விருந்தாளிகளுக்குத்தான் கொஞ்சம் குழப்பம். கேள்வி கேட்பவள் முன்னால் நிற்கிறாள், குரல் மயிலிலிருந்து வருகிறது. ஒரு மேஜிக்காரர் கடைசிவரை மயிலைப் பார்த்தே பதில் சொன்னார். போகும்போது மயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

போன் பகுதிக்குத்தான் கூட்டம். எழுதி வைத்துப் பேசுகிற பகுதி இல்லையே அது. எவன் என்ன கேட்பான் என்று யாருக்குத் தெரியும்? நான்தான் சமாளித்தேன்.

“ஹலோ, கிஞ்சல் மேடமா?”

“ஆமாங்க. முதல்ல உங்க டிவி சத்தத்தைக் குறைங்க.”

“குறைச்சிட்டேன் மேடம். மேடம், சாப்டீங்களா?”

“சாப்பிட்டேனே.”

“என்ன சாப்பாடு மேடம்?”

இதற்கு என்ன எழுதி வைத்திருப்பார்கள்? மத்தியானம் வீட்டில் என்ன செய்தேனோ அதைச் சொன்னேன். “கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காய் போட்டது.”

கிஞ்சல் வீட்டில் வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்களாம். அது எனக்கு எப்படித் தெரியும், என்னிடம் சொன்னாளா? மறுவாரம் ஒரு பத்திரிகையில், ‘கருவாடு என்றால் உயிர்: கிஞ்சல்’ என்று முழுப்பக்கம் வந்தது. நாகப்பட்டினம், ராமேஸ்வரம், குளச்சல் என்று கடற்கரை முழுவதிலிருந்தும் பார்சல் வர ஆரம்பித்தது. நெத்திலி, வாளை, சுறா. ஸ்டூடியோ வாசலில் பூனைகள் உட்கார்ந்துவிட்டன. ரசிகர்கள் முன்னால் அதை வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டும் அவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான்தான் பாவம் பார்த்து எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப்போனேன். உதவி என்று வந்தால் நான் யோசிக்கவே மாட்டேன்.

இன்னொருத்தன் போன் போட்டு, “மேடம், உங்களைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன்” என்றான்.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“இன்னும் தேடிட்டிருக்கேன் மேடம்.”

“வீட்டுல அம்மா இருக்காங்களா? போனை அவங்ககிட்ட குடுங்க.”

அந்த அம்மாவிடம் வகையாகக் கேட்டேன். வளர்ந்த பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் டிவிக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறீர்களே என்றேன். அரங்கமே கை தட்டியது. கிஞ்சலுக்கு எதற்குத் தட்டுகிறார்கள் என்றே தெரியாது, இருந்தாலும் தலைகுனிந்து கும்பிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் அன்று டிவி பார்த்துவிட்டு என்னிடமே சொன்னார்: “அந்தப் பொண்ணு எவ்வளவு பொறுப்பாப் பேசுது பாரு. உனக்கும் இருக்கே வாய்.”

மூன்றாவது வாரம் வந்தது. பெயர் ஓடவில்லை. நாலாவது வாரமும் ஓடவில்லை. நாச்சியப்பனிடம் போனேன்.

“போட்டா குட்டு உடைஞ்சிடும்மா. அது பேசலேன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிடுமே.”

“தெரியட்டுமே சார். சினிமாவுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?”

“சினிமா வேற. இங்க போன் பண்றவன் அதுகிட்ட பேசறதா நினைச்சுப் பண்றான். கார்டு ரெடியா இருக்கும்மா. சரியான சமயம் வரட்டும், போட்டுடலாம்.”

நான் சண்டை போடுகிறவள் இல்லை. பேசாமல் வந்து கூண்டில் உட்கார்ந்தேன். அன்றைக்கு யாரோ ஒரு நேயர், “மேடம், தமிழ் இவ்வளவு சுத்தமாப் பேசறீங்களே, யாரு கத்துக்குடுத்தாங்க?” என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமா இல்லையா? கிஞ்சல் சொன்னாள்: “சாலிகிராமத்துல சகாயராணி அக்கான்னு ஒருத்தர் இருக்காங்க. பெரிய டப்பிங் கலைஞர். அவங்க கால் தூசிக்கு நான் வர மாட்டேன்.”

நான் சொல்லிக்கொள்ளவில்லை தம்பி. அவள்தான் சொன்னாள், ஊரே பார்த்தது. அடுத்த வாரம், “சகாயராணி அக்காவின் குரல் இல்லாமல் தமிழ் சினிமாவே இல்லை” என்றாள். அதற்கடுத்த வாரம், “இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு விருது கொடுக்கக் கூடாதா?” என்று கேட்டுக் கண் கலங்கினாள். சரி, கண் கலங்கவில்லை. குரல் கலங்கியது. அவள் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும், அவள் மரியாதை தெரிந்த பெண்தான். இடைவேளையில் கூண்டு வாசலுக்கு வந்து நிற்பாள். ஏதோ சப்பாத்தி மாதிரி, வெந்தயக்கீரை போட்டது, டப்பாவில் கொண்டுவந்து நீட்டுவாள். ‘அக்கா’ என்று மட்டும் சொல்வாள். நான் வாங்கி வைத்துக்கொள்வேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது, என்ன பேசுவது? கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். போய்விடுவாள். “வந்து வந்து முழிச்சுக்கிட்டு நிக்கா, மூதேவி” என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறப்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது போன்காரர்கள் ஆரம்பித்தார்கள். “அந்த சகாயராணி அக்காவை ஒரு தடவை மேடைக்குக் கூப்பிடுங்க மேடம்.” ஒருத்தர், இரண்டு பேர், அப்புறம் எல்லோரும். நாச்சியப்பன் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“வர்ற சனிக்கிழமை நீங்கதாம்மா சிறப்பு விருந்தினர். சோபாவுல உக்காருங்க. கடைசியில கார்டு போடறோம். ‘குரல்: சகாயராணி’. பல குரல்களின் சொந்தக்காரி, அது இதுன்னு பொதுவாச் சொல்லிடலாம்.”

நேராகக் கடைக்குத்தான் போனேன் தம்பி. புடவை எடுத்தாயிற்று, தூத்துக்குடிக்குப் போன் போட்டு, கிஞ்சல் குரலே நான்தான் என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமைதான் உறைத்தது. நான் சோபாவில் உட்கார்ந்தால் கூண்டில் யார்?

“வேற ஒரு பொண்ணை ஏற்பாடு பண்ணவா?” என்றார் நாச்சியப்பன்.

“அது எப்படி சார்? கிஞ்சல் குரலை இன்னொருத்தி பேசறதா? ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க.”

“சரி, ரெண்டையும் நீங்களே பேசினா?”

“ரெண்டு பேருக்கும் ஒரே குரலாப் போயிடுமே சார்.”

யோசித்தார். அந்த மனிதருக்கு மூளை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். “உங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பேச முடியாது. கழுத்துல மப்ளர், வாயில கர்ச்சீப். கர்ச்சீப்புக்குள்ள மைக். நீங்க இருமற மாதிரி குனிஞ்சு கிஞ்சலுக்குப் பேசுங்க.”

சம்மதித்தேன். பெயர் வருகிறதே.

சித்திரை வெயில். மேலே அத்தனை விளக்கு. கழுத்தில் கம்பளி மப்ளர். கிஞ்சல் எனக்குப் பொன்னாடை போர்த்தினாள். மரியாதைக்கு ஒரு கை மைக்கை என் மடியில் வைத்தார்கள். நான் கர்ச்சீப்பை வாயில் வைத்துக் குனிந்தேன். கிஞ்சல் பேசினாள்: “தமிழ்நாட்டின் தேன்குரல், என் குருநாதர், சகாயராணி அக்கா!” கைதட்டல். நான் நிமிர்ந்து கும்பிட்டேன். மறுபடி குனிந்தேன். “இவ்வளவு பெரியவர், எவ்வளவு எளிமை பாருங்கள்!” கைதட்டல். நிமிர்ந்து கும்பிட்டேன்.

சுவிட்ச் அன்று லைட்மேன் கையில். அவன் பல்பை ஒரேயடியாகப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டான். நடுவில் ஒரு நேயர், “அந்தம்மா இப்படி இருமறாங்களே, தண்ணி குடுக்கக் கூடாதா?” என்று போனில் திட்டினார். உடனே தண்ணீர் வந்தது. வாங்கிக் குடிக்கத்தானே வேண்டும்? நான் குடித்து முடிக்கிறவரை கிஞ்சல் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தாள். டிவியில் கோளாறு என்று நினைத்துப் பல வீடுகளில் பெட்டியைத் தட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பெண் பேசினாள். நல்ல வெடுக்கென்ற குரல்.

“கிஞ்சல் மேடம், நான் ரொம்ப வருஷமாப் படம் பார்க்கறேன். சகாயராணின்னு ஒரு பேரை எந்தப் படத்துலயும் பார்த்ததே இல்லையே. இவங்க நெசமாவே டப்பிங் பேசறவங்கதானா? இல்ல, யாரையாச்சும் கூட்டியாந்து உக்கார வச்சிருக்கீங்களா?”

நான் குனிந்தேன். பதில் தயாராகத்தான் இருந்தது. குரல் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது, நிஜமாகவே. பல்பு எரிகிறது, கிஞ்சல் வாயசைக்கிறாள், சத்தம் இல்லை. அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

கிஞ்சல் வாயை நிறுத்தினாள். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தினாள். நேராக என்னிடம் வந்து மடியிலிருந்த மைக்கை எடுத்தாள்.

“கேட்டுக்கிடுங்க” என்றாள். அவள்தான், அவளுடைய சொந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு. “பேரு வரலன்னா ஆளு இல்லன்னு ஆயிருமா? இத்தன வாரமும் நான் ஒத்த வார்த்த பேசல. எல்லாம் அக்கா பேசுனது. அந்த மயிலுக்குப் பின்னால உக்காந்து, இடுப்பு வலியோட. இந்தா இருக்காக. இவுகதான் என் குரலு. கை தட்டுங்க.”

அப்படியே தூத்துக்குடித் தமிழ், தம்பி. நான் மேடைக்குப் பேசுகிற தமிழ் இல்லை. கூண்டுக்குள் முணுமுணுத்தேனே, அந்தத் தமிழ். நான் அவளைத் திட்டினதையெல்லாம் வாரம் தவறாமல் கேட்டு, கேட்டே கற்றுக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு பெரிய திருட்டு பாருங்கள். ஆனால் அந்த நிமிஷம் அவள் சொன்னது எதுவும் எனக்கு ஏறவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கிஞ்சல் வாயிலிருந்து வேறு ஏதோ குரல் வருகிறது. கதாநாயகி வாயில் வேறு குரல் வந்தால் அது தப்பு. தப்பு வந்தால் சரிசெய்வது என் வேலை. இத்தனை வருஷப் பழக்கம், கர்ச்சீப் தானாக வாய்க்குப் போய்விட்டது.

“ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே! யாரோ என் மைக்கில் விளையாடுகிறார்கள். நான் பேசுவது என் சொந்தக் குரல்தான்!”

பழைய கிஞ்சல் குரல். தேன் மாதிரி. அவள் அதிர்ச்சியில் வாயைத் திறந்தபடி நின்றாள். அதனால் உதடுகூட ஓரளவு பொருந்திவிட்டது.

அரங்கத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கை தட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல். அருப்புக்கோட்டைப் பெண் போனிலேயே மன்னிப்புக் கேட்டாள்: “ஸாரி மேடம். நடுவுல யாரோ பொம்பள குரல் குறுக்க வந்துச்சு, அதான் குழம்பிட்டேன்.” கிஞ்சல் உண்மையைச் சொன்னாள், ஒரு ஆள் நம்பவில்லை. நான் இல்லையென்று சொன்னேன், ஊரே நம்பியது. அவ்வளவு நல்ல டப்பிங். என் வேலையிலேயே அதுதான் உச்சம் என்பேன்.

கார்டு போடவில்லை. “இப்பதானே இல்லைன்னு அடிச்சுச் சொன்னீங்க, இப்பப் போய் எப்படிம்மா போடறது?” என்றார் நாச்சியப்பன். நியாயம்தான். அடுத்த வாரம் கிஞ்சல் வரவில்லை, பம்பாய்க்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் ஒரு பழைய பக்திப் படம் போட்டார்கள். நிகழ்ச்சி அதோடு சரி. வீட்டுக்குப் போனால் எங்கள் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “நீ பேசறதாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே, அந்தப் பொண்ணே இல்லன்னு சொல்லிடுச்சே. எனக்கு வெளியில தலைகாட்ட முடியல.”

யாரைக் குறை சொல்வது, நீங்களே சொல்லுங்கள். அவளுக்கு என்ன அவசரம்? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். ‘அக்கா, நான் இப்படிச் சொல்லப் போறேன்’ என்று சொல்லியிருந்தால் அழகாக நானே பேசிக் கொடுத்திருப்பேன். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

அன்றைக்கு எல்லாம் முடிந்து நான் மப்ளரை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் அவள் என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. “ஏங்க்கா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை.

எவ்வளவு பேருக்குப் பேசியிருக்கிறேன், எத்தனை பேர் பேச்சைத் திருத்தியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையில் ஒரு குறை கண்டுபிடித்துவிடலாம் என்று இன்றுவரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன் தம்பி. முடியவில்லை. அதுதான் எனக்கு அவள்மேல் ஆத்திரம்.